அப்புச்சி ஜீப்புக்கு எந்த எஞ்சின்?

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் அப்புச்சியின் தோப்புச் சாளையை ஒட்டி ஒரு ஜீப் நிற்கிறது. 1974 மாடல் மகிந்திரா, வில்லிஸ் சி.ஜே.-3பி வகை, பெட்ரோல் வண்டி. அப்புச்சிக்கு அப்புறம் மாமாதான் ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் ரேடியேட்டரில் தண்ணி இல்லாததைப் பார்க்காமல் யாரோ எடுத்துப்போய், எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மாமா ஆரம்பித்தார்.

"ஏங்கண்ணு, நீதான் எதையாவது தேடிப் படிச்சுட்டே இருக்கறயே. இதுக்கு என்ன எஞ்சின் வெக்கலாம்னு பாத்துச் சொல்லு. ஒண்ணும் ஆகாதுன்னா இரும்புக்கடைக்குப் போட்டுருலாம்."

இரும்புக்கடை என்றதும் எனக்கு என்னமோ போல ஆகிவிட்டது. நான் ஸ்டீயரிங் பிடித்துப் பழகிய முதல் வண்டி அது. சரி, பார்த்துச் சொல்கிறேன் மாமா என்று வந்துவிட்டேன். அப்புறம் மூன்று மாதம் இதே வேலை.

கேட்ட இடத்தில் எல்லாம் ஆளுக்கொரு பதில். மாமா மகனுக்கு தார் சி.ஆர்.டி.இ. எஞ்சின்தான் வேண்டும், 105 ஹெச்.பி. கணபதியில் இருக்கிற மெக்கானிக் அண்ணன், "மேட்டடோர் எஞ்சின் போடுங்க சார், காலத்துக்கும் ஓடுமுங்க" என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொலிரோ டி.ஐ. எஞ்சினுக்கு ஓட்டுப் போட்டார். மூவருமே எஞ்சினில் இருந்து ஆரம்பித்தார்கள். எனக்கு அங்கேதான் இடித்தது.

போர்வெல் மோட்டார் வாங்குவது போல

நம்ம ஊரில் போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் என்ன கேட்பார்? எத்தனை ஹெச்.பி. வேண்டும் என்று கேட்க மாட்டார். எத்தனை அடி ஆழம், தண்ணி எந்த மட்டத்தில் நிற்கிறது, எத்தனை இஞ்ச் பைப் என்று கேட்பார். ஆழத்தில் இருந்து பின்னோக்கி வந்துதான் ஸ்டேஜ், அப்புறம் ஹெச்.பி. இதில் தப்பினால் பெரிய மோட்டார் வாங்கியும் தண்ணி வராது, இல்லை பைப் பிய்ந்துவிடும்.

ஜீப்புக்கும் அதே வழிதான். சக்கரத்தில் இருந்து பின்னோக்கி வரவேண்டும். சக்கரம், ஆக்ஸில், டிரான்ஸ்பர் கேஸ், கியர்பாக்ஸ், கடைசியில் எஞ்சின்.

எங்கள் வண்டியில் இருப்பது இது. எஞ்சின் பெயர் ஹரிக்கேன், 2.2 லிட்டர், நாலு சிலிண்டர், சுமார் 75 ஹெச்.பி. இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும் விநோதமான அமைப்பு. அதனால் எஞ்சின் உயரம் கூடிப்போய், அதற்காகவே பானெட்டை உயர்த்தினார்கள். சி.ஜே.-3பி-க்கு அந்த மேடான மூக்கு வந்த கதை இதுதான். கியர்பாக்ஸ் டி-90, மூன்று வேகம். டிரான்ஸ்பர் கேஸ் ஸ்பைசர் 18, லோ விகிதம் 2.46. ஆக்ஸில் விகிதம் 5.38. டயர் 6.00-16, ஒரு சுற்றுக்கு சுமார் 2.2 மீட்டர் போகும்.

கணக்கு ஒன்று: மேட்டில் ஏறும் இழுவை

முதல் கியர் 2.8. லோ ரேஞ்ச் 2.46. ஆக்ஸில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் 700 ஆர்.பி.எம்.-இல் சும்மா ஓடும்போது வண்டி மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் நகரும். ஆள் நடப்பதைவிட மெதுவு. கல்லும் பள்ளமுமான இடத்தில் இதுதான் வேண்டும்.

இப்போது இழுவை. ஹரிக்கேனின் உச்ச முறுக்குவிசை புத்தகத்தில் சுமார் 155 நியூட்டன் மீட்டர். அந்தக் காலத்து அமெரிக்க அளவு, ஃபேன், சைலன்சர் எல்லாம் கழட்டி வைத்து அளந்தது. அதனால் குறைத்து 130 என்றே வைத்துக்கொள்வோம். அதை 37-ஆல் பெருக்கி, சக்கர ஆரம் 0.35 மீட்டரால் வகுத்தால், டயர் தரையைத் தள்ளும் விசை சுமார் 1,400 கிலோ வருகிறது. வழியில் பல்சக்கர உராய்வில் போவதைக் கழித்தாலும் 1,150-க்குக் குறையாது.

மூன்று பேரும் சாமானும் ஏறிய ஜீப்பின் எடை சுமார் 1,400 கிலோ. செம்மண் தரையில் டயரின் பிடிப்பு எடையில் பாதியைக் கொஞ்சம் தாண்டினாலே பெரிசு. நாலு சக்கரமும் சேர்ந்து 800 கிலோ விசை வரை பிடிக்கும் என்று வைப்போம். அதற்கு மேல் தள்ளினால் டயர் சும்மா சுற்றும்.

இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். 1974-இல் வந்த அதே எஞ்சின், லோ ரேஞ்சில் டயர் தாங்குவதைவிட அதிகமாகத் தள்ளுகிறது. இன்னும் பெரிய எஞ்சின் வைத்தால் மேடு ஏறும் திறன் கூடாது. தார் சி.ஆர்.டி.இ.-யின் 247 நியூட்டன் மீட்டரை இதே கியர்களில் போட்டுப் பார்த்தேன். 2,660 கிலோ. வண்டி எடையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அத்தனையும் எங்கே போகும்? அந்தக் கேள்விக்குக் கீழே வருகிறேன்.

கணக்கு இரண்டு: ஆழியாறு மலைப்பாதை

மாமா அதிகம் போவது ஆழியாறு வழியாக வால்பாறை. 40 கொண்டை ஊசி வளைவு. சராசரியாக நூறு அடிக்கு எட்டு அடி ஏற்றம், மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 1,400 கிலோ வண்டியை அப்படி ஏற்ற, சக்கரத்தில் தேவைப்படுவது 15 ஹெச்.பி. இழப்பையும் சேர்த்தால் எஞ்சினில் 19. அவ்வளவுதான். 60 ஹெச்.பி. எஞ்சினே தாராளம்.

ஆனால் அந்த 19 ஹெச்.பி. எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதில் விஷயம் இருக்கிறது. இரண்டாவது கியரில் 30 கிலோமீட்டர் என்றால் எஞ்சின் 1,900 ஆர்.பி.எம். சுற்றும், 70 நியூட்டன் மீட்டர் போதும். பெட்ரோல் எஞ்சின் பாட்டுப் பாடிக்கொண்டு போகும். அதே வேகத்தில் மூன்றாவது கியர் என்றால் 1,225 ஆர்.பி.எம்., 109 நியூட்டன் மீட்டர். பெட்ரோல் எஞ்சின் அங்கே திணறி உதறும். பொலிரோ டி.ஐ. எஞ்சின் 1,500 சுற்றுக்கே 180 நியூட்டன் மீட்டர் தருவதால் கியர் மாற்றாமலே இழுத்துவிடும். மலையில் ஓட்டுகிறவர்கள் டி.ஐ. மேல் உயிராக இருப்பது இதனால்தான். வலு கூடுதலா என்றால் இல்லை, அதுவும் 63 ஹெச்.பி.-தான். கை கியரில் அடிக்கடி போக வேண்டியதில்லை, அவ்வளவே.

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஜோடி

சரி, டி.ஐ. எஞ்சினையே வைத்துவிடலாமே? எங்கள் வண்டியின் டாப் கியரில் ஒவ்வொரு ஆயிரம் ஆர்.பி.எம்.-க்கும் 24.5 கிலோமீட்டர் வேகம். பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றும், 98 கிலோமீட்டர் வரை போகும். டி.ஐ. எஞ்சினின் உச்ச வலு 3,200 சுற்றில், அதாவது 78 கிலோமீட்டர். அலறாமல் ஓட வேண்டுமானால் 60. தோப்புக்குள் இது போதும். கோயமுத்தூருக்கு வரும் நான்கு வழிச்சாலையில் பின்னால் வருகிறவர்கள் எல்லாம் ஹாரன் அடிப்பார்கள்.

மெதுவாகச் சுற்றும் டீசலை வைத்தால் ஆக்ஸில் விகிதத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஓவர்டிரைவ் உள்ள ஐந்து வேகக் கியர்பாக்ஸ் வேண்டும். ஆக்ஸில் விகிதத்தைக் குறைத்தால் லோ ரேஞ்ச் நடை வேகம் கெட்டுவிடும், அதைச் சரிக்கட்ட முதல் கியர் இன்னும் ஆழமாக இருக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் நாலு அசையும். நான் பிழைப்புக்குப் பார்க்கும் சாஃப்ட்வேரிலும் இதே கதைதான். ஒரு லைப்ரரியை மாற்றப்போய் ஒன்பதை மாற்றிய நாட்கள் நிறைய.

தொழிற்சாலைக்காரர்களும் இதை அறிந்துதான் செய்தார்கள். அமெரிக்காவில் 1965-இல் கெய்சர் ஜீப் நிறுவனம் சி.ஜே.-5 ஜீப்பில் பியூக்கின் 160 ஹெச்.பி. வி6 எஞ்சினைக் கொடுத்தபோது டி-90-ஐ அப்படியே விடவில்லை, வேறு கியர்பாக்ஸ் போட்டது. ஆக்ஸில் விகிதத்தையும் குறைத்தது. இங்கே மகிந்திரா 2.1 லிட்டர் பெஜோ டீசலை எடுத்தது. எம்.எம்.540-இல் அது நாலு வேகக் கியர்பாக்ஸோடு வந்தது. பெஜோ 62 ஹெச்.பி., 4,500 சுற்று வரை போகும். பழைய பெட்ரோலின் வேகத்துக்கு நெருங்கி வருவதால் பழைய விகிதங்களோடு ஒத்துப்போகிறது.

மெக்கானிக் அண்ணன் சொன்ன மேட்டடோர் எஞ்சினும் இதே ரகம். அது மெர்சிடிஸ் ஓ.எம்.616, 2.4 லிட்டர். ஜெர்மனியில் 240டி காரில் ஓடியது, இங்கே பஜாஜ் டெம்போ வண்டிகளில் வந்தது. காரில் அதன் உச்ச முறுக்குவிசை 137 நியூட்டன் மீட்டர்தான். நம்ம ஊர் ஆட்கள் சும்மா அனுபவத்திலேயே இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். டி-90 கியர்பாக்ஸை உடைக்காத டீசல் அது.

உடைவது எது?

முன்னே விட்ட கேள்விக்கு வருவோம். டயர் தாங்காத விசை எங்கே போகும்? ஈர மண்ணில் டயர் சுற்றிவிடும், ஆபத்தில்லை. பாறை இடுக்கில் டயர் மாட்டிக்கொண்டால் சுற்ற வழியில்லை. அப்போது சங்கிலியில் எது மெலிந்ததோ அது உடையும்.

சில வருஷம் முன்னால் வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் மண்பாதையில் நண்பர் ஒருவரின் ஜீப்பில் போனேன். பழைய ஜீப், டர்போ டீசல் மாற்றியது, ஆக்ஸில் பழையது. இரண்டு சக்கர டிரைவிலேயே ஒரு மேட்டில் உறுமி ஏற்றினார். பின்னால் 'டொப்'பென்று ஒரு சத்தம். எஞ்சின் கூவியது, வண்டி பின்னோக்கி நகர ஆரம்பித்தது. கால் பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டார். ஹேண்ட்பிரேக் இழுத்தார், பிடிக்கவில்லை. கியரில் போட்டு எஞ்சினை அணைத்தார், அதுவும் பிடிக்கவில்லை. கால் நடுங்கிக்கொண்டு பிரேக்கில் நிற்க, நான் குதித்து இறங்கிக் கல் தேடினேன். வலது பக்கம் சரிவு எவ்வளவு ஆழம் என்று அப்போது பார்க்கவில்லை. அப்புறம் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது. இந்த ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், பிராப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் டிரம். பின் ஆக்ஸில் ஷாஃப்ட் ஒன்று உடைந்தால், டிஃபரென்ஷியல் அந்த உடைந்த பக்கத்தைச் சும்மா சுற்ற விட்டுவிடும். ஹேண்ட்பிரேக்கும் போச்சு, எஞ்சின் பிடிப்பும் போச்சு, ஒரே உடைசலில் இரண்டும். அன்றைக்கு நாலு சக்கர லீவரைப் போட்டதும் முன் ஆக்ஸில் வழியாக ஹேண்ட்பிரேக் பிடித்தது. அதுவும் நண்பர் தற்செயலாகச் செய்ததுதான். இன்னொன்று: இந்த வகை ஆக்ஸிலில் வண்டியின் பாரமும் அதே ஷாஃப்ட்டில்தான். வெளிப்பக்கம் உடைந்திருந்தால் சக்கரமே கழன்று போயிருக்கும்.

எஞ்சின் மாற்றப் போகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்ல வருவது இதுதான். எஞ்சின் கூடினால் ஆக்ஸிலும் பிரேக்கும் கூட வேண்டும். சி.ஜே.-3பி-யில் இருப்பது 9 இஞ்ச் டிரம் பிரேக். கூடவே, டீசலில் காற்றை அடைக்கும் த்ராட்டில் இல்லாததால், இறக்கத்தில் காலை எடுத்தால் பெட்ரோல் அளவுக்குப் பிடிக்காது. 40 வளைவு ஏறியவர் 40 வளைவும் இறங்கியாக வேண்டும்.

பட்டறையில் ஒட்டும் வேலை

வேறு எஞ்சினைப் பழைய கியர்பாக்ஸோடு ஒட்ட நடுவில் ஒரு தட்டு வேண்டும். கோயமுத்தூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. கணபதியில் எந்தச் சந்தில் திரும்பினாலும் லேத். ஆனால் மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தட்டின் கனம் சரியாக இருந்தால்தான் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனை ஃபிளைவீல் நடுவில் உள்ள புஷ்ஷில் போய் உட்காரும். கிளட்ச் தட்டின் வெளி அளவு எஞ்சினுக்கும், உள் பல் கியர்பாக்ஸுக்கும் பொருந்த வேண்டும். முக்கியமானது, இரண்டின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்த்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் கொண்டுவர வேண்டும். கண்ணளவில் முடித்தால் ஆறு மாதத்தில் பேரிங் பேசும்.

கியர்பாக்ஸோடு சேர்த்தே மாற்றிவிடலாம் என்றால் வேறு தொல்லை. ஸ்பைசர் 18-இல் பின்னால் போகும் ஷாஃப்ட் நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளி இருக்கிறது. பின் ஆக்ஸிலின் குடமும் அதே பக்கம். நடுவில் வெளிவரும் புதுச் செட் போட்டால் ஆக்ஸிலையும் மாற்ற வேண்டும். சி.ஆர்.டி.இ. என்றால் இன்னும் மேலே: கம்ப்யூட்டர், வயரிங், ஆக்ஸிலரேட்டர் சென்சார், இன்டர்கூலர். கடைசியில் அப்புச்சி ஜீப்பில் மிஞ்சுவது பானெட் மட்டும்.

ஆர்.சி. புத்தகம்

இதைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக, ஆர்.சி.-யில் உள்ளதற்கு மாறாக, வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி திருத்தம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு காலத்தில் பெட்ரோல் ஜீப்பை டீசலாக்கி ஆர்.சி.-யில் எழுதி வாங்குவது சகஜம். இப்போது அந்தக் கதவு அப்படித் திறந்து கிடக்கவில்லை. பழைய வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி.-க்கு வேறு கொண்டுபோக வேண்டும். எஞ்சின் நம்பர் ஒத்துப்போகாத வண்டியில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

முடிவு

எரிபொருள் செலவையும் பார்த்துவிட்டேன். மாமா வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். பெட்ரோலில் லிட்டருக்கு 7, டீசலில் 12 என்று வைத்தால் வருஷத்துக்கு மிச்சம் சுமார் 13,000 ரூபாய். எஞ்சின் மாற்றப் பட்டறையில் சொன்ன தொகை, பழைய எஞ்சினைச் சரிசெய்வதைவிட ஒன்றரை லட்சம் கூடுதல். பதினோரு வருஷம் ஓட்டினால்தான் அது ஈடாகும்.

ஆக, வரிசை இப்படி வந்தது. பழைய எஞ்சின் பிழைக்குமானால் அதுவே முதல். பிழைக்காவிட்டால் அதே ஹரிக்கேன் எஞ்சினை வேறு வண்டியில் இருந்து எடுத்து, ஆர்.டி.ஓ. அனுமதியோடு நம்பரை ஆர்.சி.-யில் ஏற்றுவது. அதற்கும் வழியில்லாமல், டீசல் மாற்றத்துக்கு அனுமதி கிடைக்கும் நிலை இருந்தால் நாலு வேகக் கியர்பாக்ஸோடு பெஜோ, அல்லது மேட்டடோர். எப்போதும் மலையிலேயே ஓடும் வண்டிக்கு டி.ஐ., கூடவே ஆக்ஸில், பிரேக் வேலையும். சி.ஆர்.டி.இ. ஆசைப்படுகிறவர் ஒரு பழைய தாரையே வாங்கிவிடலாம்.

மெக்கானிக் அண்ணனைத் தோப்புக்கே கூட்டிப்போய் எஞ்சினைப் பிரித்தோம். இரண்டு சிலிண்டரில் ஆழமான கோடு. பிஸ்டன் போச்சு. பிளாக்கில் விரிசல் இல்லை. "லைனர் போட்டுருலாமுங்க சார்" என்றார். மோட்டார் பம்புக்குப் பேர்போன ஊரில் போரிங் போடவா ஆள் இல்லை. மிச்சமாகும் பணத்தில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் வேலை, பின் ஆக்ஸிலுக்குப் புது ஷாஃப்ட், ஒரு நல்ல ரேடியேட்டர், பெரிய வெப்பமானி. எஞ்சின் செத்ததே தண்ணி இல்லாமல்தானே.

மாமா மகனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மாமாவிடம் கணக்கை எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அப்பன் ஓட்டுன எஞ்சினே போதுங்கறே" என்றார். ஆமாங்க மாமா என்றேன்.

பிளாக் இப்போது போரிங் கடையில் இருக்கிறது. வைகாசிக்குள் வண்டி ஓடும் என்கிறார் மெக்கானிக். எந்த வருஷத்து வைகாசி என்று நான் கேட்கவில்லை.